கைமாறிய குழல்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தனர். மூவேந்தர் பெருமையையும் பல்லவர் சிற்பத்தையும் எழுத வல்ல கற்றறிந்த அன்பர்கள் நம் காலனியிலேயே உளர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, தந்தையார் காலமான பின் அவர் பணிபுரிந்த இரயில்வேயிலேயே குமாஸ்தாவாக அமர்ந்த நாம், அத்துறையில் கை வைப்பது முறையாகாது. ஆகவே நமக்குத் தெரிந்த ஒரு சிறு பொருளின் சரித்திரத்தைச் சொல்லத் துணிந்தோம். அப்பொருள், நம் சங்கக் கட்டடத்து அலமாரியின் மேல் சில ஆண்டுகள் உறங்கிப் பின் கைமாறிப் போன ஒரு பித்தளைக் குழல். அதன் சரித்திரத்தை ஆராயப் புகுந்தபோது, அது பாரிசு, இலண்டன், தஞ்சை, மீரத் ஆகிய ஊர்களின் சரித்திரமாகவும் விரிந்தது.

2004ஆம் ஆண்டு. பங்குனி உத்திரத்தன்று முருகன் திருவுருவம் காலனியை வலம் வரும்போது நம் பிள்ளைகளே பாண்டு வாசிக்க வேண்டும் என்னும் ஆசை நம் அன்பர்களுக்கு எழுந்தது. நாகசுர வித்துவான்களை ஊரிலிருந்து வரவழைக்கும் செலவு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போயிற்று. வீடு வீடாகச் சந்தா பிரித்து, பறை, தாளம், இரண்டு கார்னெட் இவற்றை வாங்கிய பின், தாழ்ந்த சுரங்களை ஊதுவதற்கு ஒரு பெரிய குழலும் வேண்டியிருந்தது. யூபோனியம் என்று அதற்குப் பெயர். மடியில் குழந்தையை அணைத்துக்கொள்வதுபோல் அணைத்து, மூன்று பிஸ்டன்களை விரல்களால் அழுத்தி வாசிப்பது.

புதிய குழல் வாங்கப் பணம் போதவில்லை. பெருநகரம் ஒன்றின் பழைய வாத்தியக் கடைக்கு நாமும் இன்னும் இருவரும் சென்றோம். கடைக்காரர் துணியை விலக்கி ஒரு குழலைக் காட்டினார். வெள்ளி முலாம் பளபளத்தது. வாய் விரிந்த இடத்தில் செதுக்கிய எழுத்துகள் மெருகேற்றி மெருகேற்றித் தேய்ந்து போயிருந்தன. 'இலண்டன்' என்னும் ஒரு சொல் மட்டும் படிக்கக்கூடியதாய் இருந்தது. 'அசல் விலாயதி' என்றார் அவர். ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தோம். பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றனவா என்று அழுத்திப் பார்த்தோம். ஊதச் சொல்லி ஓசையைக் கேட்டோம். 7,500 ரூபாய்க்கு வாங்கி, இரசீதும் பெற்று, பார்சலில் போடாமல் கையோடு வண்டியில் கொண்டுவந்தோம். கணக்கில் கெட்டிக்காரர் என்று அன்று நம்மைப் பாராட்டினார்கள்.

அந்தக் குழலை வாசிக்கப் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கிடைத்தான். தண்டவாளப் பராமரிப்புக் கூட்டத்தில் பணிபுரிந்த நம்மவர் ஒருவரின் மகன். விடியற்காலையில் அவன் சங்கக் கட்டடத்துக்கு வந்து சாதகம் செய்யும் ஓசையில்தான் காலனியில் பலர் கண் விழித்தார்கள். ஆயினும் எல்லாரும் கூடி வாசிக்கும்போது ஏதோ ஒன்று இடறிற்று. ஆர்மோனியத்தோடு ஒட்டிச் சில சுரங்கள் சரியாய் இருக்கும்; சில சுரங்கள் எகிறி நிற்கும். ஆர்மோனியம் வாசித்தவர் நாமே. 'உதட்டைக் கவனி, காதைக் கவனி' என்று பையனைக் கடிந்தவரும் நாமே. 'என் உதடு இன்னும் பழகவில்லை, அண்ணா' என்பான். இரண்டு ஆண்டு அவன் பழகினான். 2006ஆம் ஆண்டு விழாவில் எல்லார் முன்னிலையிலும் அவனைப் பாதியில் நிறுத்தச் சொன்னோம். அதன்பின் அவன் வரவில்லை. குழல் அலமாரியின் மேல் ஏறியது.

நிற்க. இனிச் சரித்திரத்துக்கு வருவோம்.

ஊதுகுழலின் சுருதியை அதன் நீளமே தீர்மானிக்கிறது. குழல் நீண்டால் சுருதி தாழும், குறுகினால் உயரும். இது தமிழர் அறியாத செய்தியன்று. நாகசுரத்தில் திமிரி என்பது குட்டையான உயர்சுருதிக் குழல். பாரி என்பது நீண்ட தாழ்சுருதிக் குழல். நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்கள் (1898-1956) நீண்ட குழலைக் கையாண்டு புகழ் பெற்ற பின்னரே தமிழ்நாட்டு மேடைகளில் பாரி நாயனம் நிலைபெற்றது. அத்தகைய குழலை உருவாக்குவதில் நரசிங்கம்பேட்டை ஆசாரிமார் பேர் பெற்றவர்கள். ஆகவே வாத்தியத்தைத் திருத்தி அமைப்பது குற்றமன்று. அது கலையின் வளர்ச்சியே ஆகும்.

மேனாட்டுப் பித்தளைக் குழல்களும் தமிழகத்துக்குப் புதியனவல்ல. சென்னைக் கோட்டையில் கும்பினியார் படையின் பாண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, முத்துசுவாமி தீட்சிதர் அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். நோட்டுசுர சாகித்தியங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுவன அவையே. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசிருக்கையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், தம் அரண்மனையிலேயே மேனாட்டு பாண்டு ஒன்றை வைத்துப் பேணினார். வடக்கே வந்து குடியேறிய நாம் பாண்டு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டதில் வியப்பு ஒன்றுமில்லை.

பித்தளைக் குழலில் ஒரு குறை உண்டு. துளையோ பிஸ்டனோ இல்லாத வெறுங்குழலில் எல்லாச் சுரங்களும் பிறவா. படைவீரர் ஊதும் பியூகிளைக் கேட்டவர்கள் அறிவார்கள். விட்டு விட்டு நிற்கும் நாலைந்து சுரங்களே அதில் வரும். இக்குறையைப் போக்கப் பலர் முயன்றனர். 1810ஆம் ஆண்டு அயர்லாந்தில் ஜோசப் ஹாலிடே என்னும் பாண்டு மாஸ்டர், பியூகிளில் துளைகள் இட்டு அவற்றை மூடித் திறக்கும் சாவிகளைப் பொருத்தி, அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல், பழைய வெறும் எக்காளங்களை அறுத்து, முன்னும் பின்னும் நகரும் இழுகுழாயைப் பொருத்தி வாசித்தனர். தாமஸ் ஹார்ப்பர் (1786-1853) போன்ற புகழ்பெற்ற வித்துவான்கள் இத்தகைய இழுகுழாய் எக்காளத்தையே கையாண்டனர். நூறாண்டு முன்னே சிறந்த கைவினைஞர் செய்த குழலை வாங்கி, அதனைத் திருத்தி, அடுத்த தலைமுறை வாசித்தது. பழைய வாத்தியத்தை வாங்கி மாற்றியமைக்கும் வழக்கம் அவ்வளவு பழைமையானது.

பிஸ்டன் வந்தது அதற்குப் பின்னர். ஜெர்மானிய நாட்டைச் சேர்ந்த ஸ்டோல்சல், புளூமல் ஆகிய இருவரும் 1818ஆம் ஆண்டு பிரஷ்ய அரசினிடம் வால்வுக்கு உரிமை பெற்றனர். பிஸ்டனை அழுத்தினால் காற்று ஒரு கிளைக்குழாய் வழியாகச் சுற்றி வரும், குழலின் நீளம் அந்த அளவுக்குக் கூடும், சுருதி இறங்கும். முதல் பிஸ்டன் ஒரு முழுச் சுரம் இறக்கும்; இரண்டாவது அரைச் சுரம்; மூன்றாவது ஒன்றரைச் சுரம். இருப்புப் பாதையில் வண்டியைக் கிளைப்பாதைக்குத் திருப்பிச் சுற்றிக் கொண்டுவருவது போன்றதே இது. 1839ஆம் ஆண்டு பாரிசில் பெரினே என்பவர் செப்பம் செய்த பிஸ்டனே இன்றளவும் பெரும்பான்மையான கார்னெட்டுகளிலும் யூபோனியங்களிலும் காணப்படுகிறது. 1840களில் அடால்ப் சாக்ஸ் என்பவர் சிறிதும் பெரிதுமாக ஒரே குடும்பத்துக் குழல்களை வரிசையாக அமைத்தார். படைப் பாண்டுகளின் உருவம் அத்துடன் ஒருவாறு முடிவாயிற்று.

உருவம் முடிவாயிற்றேயன்றிச் சுருதி முடிவாகவில்லை. ஒவ்வோர் ஊரும் தனக்கென ஒரு சுருதி வைத்திருந்தது. ஓசை எடுப்பாக இருக்க வேண்டும் என்னும் ஆசையால் 19ஆம் நூற்றாண்டில் சுருதி மேலே மேலே ஏறிற்று. பாடகர்கள் தொண்டை கிழிய வேண்டியதாயிற்று. 1859ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு, ரொசினி, பெர்லியோஸ் முதலிய இசைவாணர் அடங்கிய குழுவின் ஆலோசனையைக் கேட்டு, 'ஏ' என்னும் சுரத்துக்கு வினாடிக்கு 435 அதிர்வு என்று சட்டமே செய்துவிட்டது.

இங்கிலாந்து அவ்வழியே செல்லவில்லை. அந்நாட்டுப் படையில் அதற்கு முன்பே ஒரு சங்கடம் நேர்ந்திருந்தது. 1854ஆம் ஆண்டு கிரைமியாப் போரின்போது, துருக்கியில் ஸ்குட்டாரி என்னுமிடத்தில் விக்டோரியா மகாராணியாரின் பிறந்தநாள் அணிவகுப்பு நிகழ்ந்தது. பல படைப்பிரிவுகளின் பாண்டுகள் ஒருங்கே இராஜ கீதத்தை வாசிக்க, ஒன்றோடொன்று சேராமல் பெருங்குழப்பமாயிற்று என்பர். அதன் பயனாக 1857ஆம் ஆண்டு நெல்லர் ஹால் என்னும் மாளிகையில் படையினருக்கான இசைப் பள்ளி நிறுவப்பெற்றது. 2021ஆம் ஆண்டு வரை அப்பள்ளி அம்மாளிகையிலேயே நடந்தது. படைக்கு ஒரே சுருதி வந்தது உண்மை. ஆனால் அது உயர்ந்த சுருதி. வினாடிக்கு ஏறத்தாழ 452 அதிர்வு.

இலண்டன் பில்ஹார்மானிக் சங்கம் 1896ஆம் ஆண்டு 439க்கு இறங்கிற்று. படை உடனே இறங்கவில்லை; அத்தனை பாண்டுகளின் குழல்களையும் மாற்றும் செலவை நினைத்துத் தயங்கிற்று. 1920களின் இறுதியில்தான் அது தாழ்ந்த சுருதியை ஏற்றது. 1939ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு 440 அதிர்வு என்று முடிவு செய்தது. 1955ஆம் ஆண்டு சர்வதேச அளவை நிறுவனம் அதனைப் பரிந்துரைத்து, 1975இல் உறுதி செய்தது. இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் பித்தளைப் பாண்டுகளும் இரட்சணிய சேனையின் பாண்டுகளும் மட்டும் 1960கள் வரை பழைய உயர்ந்த சுருதியைக் கைவிடவில்லை.

452க்கும் 440க்கும் உள்ள வேற்றுமை நம் வழக்கில் சொன்னால் ஏறக்குறையக் கால் கட்டை. கேட்பவருக்கு ஒரு குழலைத் தனியே ஊதினால் தெரியாது. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் பல் கூசும்.

இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. டல்ஹவுசி பிரபு காலத்தில் 5 அடி 6 அங்குல அகலப் பாதை இந்நாட்டுக்கு வந்தது. 1870இல் மேயோ பிரபு காலத்தில் செலவைக் குறைக்க மீட்டர் பாதை வந்தது. இரண்டும் இரும்பே, இரண்டும் நல்ல பாதையே. ஆனால் இரண்டும் சந்திக்கும் நிலையத்தில் ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டும். 1992இல் ஒரே பாதைத் திட்டம் தொடங்கிய பின் அந்தத் தொல்லை படிப்படியாகக் குறைந்தது. பித்தளைக் குழல்களின் உலகிலும் நெடுங்காலம் இரண்டு பாதைகள் இருந்தன.

அப்படியானால், சுருதி மாறிய பின் பழைய குழல்கள் என்ன ஆயின? பித்தளை எளிதில் அழிவதில்லை. கண்டம் செய்த சாமான் கடைத்தெருவுக்கு வருவது உலக வழக்கு. அவற்றை வாங்கியவர்கள் புதிய சுருதிக்கு ஏற்பத் திருத்திக்கொண்டனர். ஒன்பது அடி நீளமுள்ள யூபோனியத்தின் சுருதியைக் கால் கட்டை இறக்க வேண்டுமானால், குழலுக்கு நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது ஏறத்தாழ 3 அங்குலம் நீளம் சேர்க்க வேண்டும். சுருதி கூட்டும் பெரிய வளைகுழாயின் இரு கால்களிலும் ஒன்றரை அங்குலத் துண்டு பற்றவைத்தால் போதும்; வெறுங்குழல் இறங்கிவிடும்.

ஆனால் அத்துடன் வேலை முடியாது. மூன்று பிஸ்டன்களின் கிளைக்குழாய்களும் பழைய நீளத்துக்கு அளந்து செய்யப்பட்டவை. அவற்றையும் அதே விகிதத்தில் நீட்ட வேண்டும். இரண்டாவதுக்குச் சிறிதளவு, முதலாவதுக்கு மூன்றில் ஓர் அங்குலம், மூன்றாவதுக்கு அரை அங்குலத்துக்குச் சற்று மேல். நீட்டாமல் விட்டால், பிஸ்டன் அழுத்தாத சுரங்கள் சரியாக இருக்கும். அழுத்திய சுரங்கள் எகிறும். இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்தினால் மேலும் எகிறும். பிஸ்டன்களைச் சேர்த்து அழுத்தும்போது சுரம் சற்று உயர்வது எல்லாக் குழல்களுக்கும் உள்ள பிறவிக் குறை. அதைச் சரிக்கட்டவே பிளெய்க்லி என்னும் ஆங்கிலேயர் 1874இல் ஈடுசெய்யும் கிளைக்குழாய்களைக் கண்டுபிடித்தார். அவ்வமைப்பு இல்லாத எளிய குழலில், அரைகுறைத் திருத்தமும் சேர்ந்துவிட்டால், குறையின் மேல் குறை ஏறும்.

இந்நாட்டில் இத்தகைய வேலைகளில் தேர்ந்தவர்கள் இருக்கும் ஊர் மீரத். படைமுகாம் இருந்த அவ்வூரில், இராணுவ பாண்டில் பணியாற்றிய நாதிர் அலி என்பவர் 1885ஆம் ஆண்டு வாத்தியத் தொழில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே ஜாலி கோட்டி என்னும் பகுதியில் பித்தளைக் குழல் செய்யும் பட்டறைகள் பெருகின. சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்ததால் வெளிநாட்டுக் குழல் அரிதாயிற்று. மீரத்துக் குழல் நாடெங்கும் பரவிற்று. வடநாட்டில் கலியாண ஊர்வலத்தில் குதிரைமேல் வரும் மாப்பிள்ளைக்கு முன்னே பளபளக்கும் குழல்களில் பெரும்பாலானவை அங்கே பிறந்தவை. சுத்தியலின் ஓசையும் சரி, பற்றவைக்கும் தீயின் மணமும் சரி, அத்தெருவுக்குப் போனால் நம் ஊர்க் கன்னார் தெருவை நினைவூட்டும்.

இவ்வளவும் நமக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒரு பிழை நேர்ந்திராது. தெரிந்தது 2010ஆம் ஆண்டில்.

அவ்வாண்டு இராணுவ பாண்டில் இருபது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், காலனியில் இருந்த தம் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். அலமாரியின் மேல் குழலைக் கண்டதும் இறக்கித் தரச் சொன்னார். ஊதினார். பிஸ்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தி ஊதினார். பின்பு சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு, வளைகுழாயை வெளியே இழுத்து, அதன் காலில் நகத்தை ஓட்டினார்.

'இங்கே பாருங்கள், தம்பி. இது ஒட்டு. பித்தளையின் நிறமே வேறு. பழைய சுருதிக் குழலை இறக்கியிருக்கிறார்கள்.'

கிளைக்குழாய்களை இழுத்துப் பார்த்தார். அவை அசையவில்லை. காற்றுக் கசிவை மறைப்பதற்காக யாரோ அவற்றை ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். 'இதில் எவன் வாசித்தாலும் சேராது. ஒன்றும் மூன்றும் சேர்த்தால் எகிறத்தான் எகிறும். யார் இதை வாசித்தது?'

நாம் விடை சொல்லவில்லை. 'ஒரு பையன்' என்று வேறொருவர் சொன்னார்.

குழலை விற்றுவிடுவது என்று சங்கக் குழு முடிவு செய்தது. விலை கேட்டு ஒருவர் வந்தார். 6,000 ரூபாய் தருவதாகச் சொல்லியனுப்பினார். குறையைச் சொல்லி விற்பதா, சொல்லாமல் விற்பதா என்று ஒரு மாலை முழுதும் வாதம் நடந்தது. 'நமக்கு விற்ற கடைக்காரர் சொன்னாரா?' என்றார் ஒருவர். 'கேட்டால் சொல்வோம், கேளாவிட்டால் நமக்கென்ன?' என்றார் மற்றொருவர். சங்கப் பணத்தின் பொக்கிஷதார் என்ற முறையில் நம் கருத்தைக் கேட்டார்கள். மௌனம் பொய்யாகாது என்று நாம் சொன்னோம். அன்று அப்படிச் சொன்னதை இம்மலரில் ஒளிக்காமல் எழுதிவைக்கிறோம்.

மறுநாள் குழலை வாங்க வந்தவர் இருபது வயது இளைஞர். இந்நகரத்துக் கலியாண பாண்டு ஒன்றில் கூலிக்கு வாசிப்பவர். சொந்தமாக ஒரு குழல் இருந்தால் கூலி கூடும் என்றார். பத்தும் ஐம்பதுமாக நோட்டுகளை ஒரு கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். குழலை வாங்கி ஊதினார். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு பிஸ்டன்களைச் சேர்த்து அழுத்தி ஒரு மெட்டு வாசித்தார். புருவம் சுருங்கிற்று. மறுபடி வாசித்தார். பின்பு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வெட்கத்தோடு, 'மன்னியுங்கள் பாபுஜி, என் உதடு இன்னும் பழகவில்லை' என்றார்.

இந்தியில் சொன்னார், ஆனால் அதே சொற்கள். அதற்கு மேல் நம்மால் பேசாமல் இருக்க முடியவில்லை. வளைகுழாயை இழுத்து ஒட்டைக் காட்டினோம். அடைத்த ஈயத்தைக் காட்டினோம். பெரியவர் நமக்குச் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னோம். அவர் நெடுநேரம் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பு கைக்குட்டையில் இருந்ததில் 3,500 ரூபாயை எண்ணிவைத்து, மீதியை முடிந்துகொண்டார். 'செப்பனிட வேண்டுமே' என்றார். அது நியாயமான விலை. குழுவினர் சிலர் முகம் சுளித்தனர். குறைந்த 2,500 ரூபாயை, மாதம் 500 வீதம் ஐந்து தவணையில் நம் சம்பளத்திலிருந்து கட்டித் தீர்த்தோம். சங்கப் பேரேட்டில் அக்கணக்கு இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து அந்த இளைஞர் குழலோடு வந்தார். மீரத்துக்குக் கொண்டுபோய், ஈயத்தை உருக்கி எடுத்து, கிளைக்குழாய்களை விடுவித்து, கசிவை முறைப்படி அடைத்து, அளவுக்கு இழுத்து வைத்திருந்தார். நம் ஆர்மோனியத்தோடு சேர்த்து வாசித்துக் காட்டினார். சேர்ந்தது. கேடு முழுவதும் ஓர் ஈயப் பூச்சில் இருந்தது. அதை எடுப்பதற்கு அரை நாள் வேலையே ஆயிற்றாம்.

பழைய குழல் வாங்கும் அன்பர்களுக்கு இதிலிருந்து சில சொற்கள். மெருகைப் பார்த்து வாங்காதீர்கள். பளபளப்பு ஒட்டை மறைக்கும். எல்லாக் கிளைக்குழாய்களும் கையால் இழுத்தால் வர வேண்டும். வளைகுழாயின் கால்களில் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கக் குழல்களில் உயர்ந்த சுருதிக்கு 'எச்.பி.' என்றும் தாழ்ந்த சுருதிக்கு 'எல்.பி.' என்றும் முத்திரை இருப்பதுண்டு. தனியே ஊதிக் கேட்பதோடு நில்லாமல், சுருதி தவறாத ஆர்மோனியத்தோடு பிஸ்டன்களைச் சேர்த்து அழுத்திக் கேளுங்கள். திருத்திய குழல் என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். முறையாகத் திருத்திய பழைய குழல், புதியதினும் மேலாகப் பேசுவதுண்டு. விற்கும் அன்பர்களுக்கு ஒரே சொல்தான். என்ன திருத்தம் செய்யப்பட்டது என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் பணத்தை மட்டும் இழப்பதில்லை. தம் உதட்டையும் காதையும் ஐயுறத் தொடங்குவார்.

நம் காலனிப் பையன் இப்போது பையனல்லன். மணமாகி, மேற்கே ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். அன்று, குழல் சேர்ந்து ஒலித்த மாலையே, அவர் தந்தையாரிடம் எண்ணைக் கேட்டு வாங்கித் தொலைபேசியில் அழைத்தோம். ஒட்டைப் பற்றியும் ஈயத்தைப் பற்றியும் சொன்னோம். உம்முடைய உதட்டில் குற்றமில்லை, நம்முடைய காதில்தான் குற்றம் என்று சொன்னோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

பிறகு அவர் கேட்டார்: 'ஒன்றும் மூன்றும்தானே, அண்ணா?'

ஆம் என்றோம். 'அப்போதே எனக்குத் தோன்றிற்று. சொன்னால் சாக்குச் சொல்கிறான் என்பீர்களோ என்று சொல்லவில்லை' என்றார்.

நம் சங்கத்தில் இவ்வாண்டும் பிள்ளைகள் வாத்தியம் பயில்கிறார்கள். அவர்களில் எவரேனும் தயங்கித் தயங்கி ஒரு குறை சொன்னால், கடிந்துகொள்ளுமுன் வாத்தியத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பார்ப்போமாக. சங்கம் வாழ்க, நம் பிள்ளைகள் வளர்க.